மோட்டார் சைக்கிள் எஞ்சினில் காஸ்கெட் கசிவும் அதனைச் சீர்செய்யும் முறையும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த வடகரப்பதி போன்ற எல்லைப்புற ஊர்களில் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் மோட்டார் சைக்கிள் பெருந்துணையாகும். அதன் எஞ்சினில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே உண்டாகும் கசிவைப் பொறுமையுடையோர் வீட்டிலேயே சீர்செய்யலாம். 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உற்பத்தி செய்த பழைய 350 புல்லட்டை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இவ்வெஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர செ.மீ. எரியும் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 30 மடங்கு எனக் கொண்டால், ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஒரு டன் எடைக்கும் மிகுதியாகும். இவ்விசையை நட்டுகள் தாங்குகின்றன; வாயு வெளியேறாதவாறு காஸ்கெட் இடைவெளியை அடைக்கின்றது. மேலும், ஹெட் அலுமினியக் கலவையாலும் சிலிண்டர் வார்ப்பிரும்பாலும் ஆனவை. ஒரே வெப்ப உயர்வில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். ஆகவே எஞ்சின் சூடேறி ஆறும்போதெல்லாம் காஸ்கெட் சிறிது உராய்வுறுகின்றது. நட்டுகளின் இறுக்கம் சமமாக இல்லாவிடில், தளர்ந்த பக்கத்தில் கசிவு தொடங்கும்.

முதலில் கசிவின் இடத்தை உறுதி செய்தல் வேண்டும். மேலேயுள்ள ராக்கர் மூடியிலிருந்து எண்ணெய் வழிந்தாலும் காஸ்கெட்டே பழுதுபோலத் தோன்றும். எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்ந்தபின் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டினால், ஈரமாகும் இடம் உண்மையைக் காட்டும். வாயுக் கசிவாயின், குளிர்ந்த எஞ்சினின் இணைப்பில் சோப்பு நீரைத் தடவிக் கிக்கரை மெல்ல மிதிக்கும்போது குமிழிகள் எழும்.

கழற்றும் வேலையை எஞ்சின் நன்கு குளிர்ந்த பின்னரே தொடங்குக. பெட்ரோல் டாங்கி, புகைக்குழாய், கார்புரேட்டர் ஆகியவற்றை அகற்றுக. இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் வரிசை மாறாமல் எடுத்து வைக்க. நட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. ஹெட் ஒட்டிக்கொண்டிருப்பின் மரச்சுத்தியால் தட்டலாம். திருப்புளியை இடையே செருகி நெம்பினால் பரப்பில் கீறல் விழும்.

பலரும் புதிய காஸ்கெட்டை மாற்றியதோடு அமைவர். சில நாளில் மீண்டும் கசியும். பரப்பு சமமாயுள்ளதா என்று அறிவதே முதன்மையானது. நேர்விளிம்புக் கோலை ஹெட்டின்மீது பல திசைகளில் வைத்துப் பார்க்க, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எளிதில் நுழையுமாயின், ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பிச் சமன் செய்வதே முறை.

கலவைப் பொருளாலான காஸ்கெட்டை மறுமுறை பயன்படுத்தலாகாது. தனிச் செம்பாலானதை மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரில் ஆற்றினால், அழுந்தி இறுகிய செம்பு மீண்டும் மென்மையடையும். எஃகு இவ்வாறு ஆற்றினால் கடினமாகும். இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம்.

திரும்பப் பூட்டுகையில் நட்டுகளைக் குறுக்கெதிர் வரிசையில், மூன்று தவணைகளாக, கைநூலில் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குக. ஒருமுறை ஓட்டி, முற்றும் ஆறிய பின்னர் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க. இறுதியாக, குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் அதே உச்சி நிலையிலிருக்க, புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழலவும் மேலும் கீழும் ஆடாதிருக்கவும் டாப்பெட்டைச் சரிசெய்க. சூடான எஞ்சினில் நட்டை முறுக்கிக் கசிவை நிறுத்த முயல்வது ஹெட்டையே கோணச் செய்துவிடும்.