கட்டற்ற மென்பொருளும் நம் சங்கங்களின் வாணிபமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் கணிப்பொறி இல்லாத அலுவலகம் இன்று அரிது. பற்று வரவு எழுதுவதும், சேலை முந்தானைக்குச் சித்திரம் அமைப்பதும், மஞ்சள் பொட்டலத்திற்கு விலைச்சீட்டு அச்சிடுவதும் அதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆயினும் அதனுள் இருக்கும் மென்பொருளைக் கொண்டு வாணிபம் செய்யச் சங்கத்திற்கு உரிமை உண்டா என்பதில் பலருக்குத் தெளிவில்லை. "விலையின்றிக் கிடைத்ததை வியாபாரத்திற்குப் பயன்படுத்தினால் குற்றமாகாதா?" என்று போத்தனூர், கிணத்துக்கடவு வட்டாரச் செயலாளர்கள் சிலர் நம்மிடம் வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், மென்பொருளும் சட்டத்தின் கண்ணில் ஒரு நூலைப் போன்றதே என்பதை உணர வேண்டும். நமது நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணிப்பொறி நிரல்களை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்துள்ளது. எனவே எழுதியவரின் அனுமதியின்றி அதைப் பிரதி எடுத்து வழங்குதல் ஆகாது. அவர் இன்னின்ன நிபந்தனைகளுடன் தரும் அனுமதிக்கே உரிமம் என்று பெயர். மென்பொருளைப் பெறுகையில் நாம் பெறுவது பெரும்பாலும் அவ்வுரிமத்தையே அன்றி, அதன் உடைமையை அன்று.

உரிமங்களை மூவகையாகப் பிரித்துக் காணலாம். ஒன்று, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள். அதன் மூல நிரலை வாங்கியவர் காண இயலாது. இரண்டு, விலையின்றிக் கிடைப்பினும் சொந்த உபயோகத்திற்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. மூன்று, கட்டற்ற மென்பொருள். பின்னைய இரண்டிற்கும் விலை இல்லாதிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குழப்பம் அனைத்தும் இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கினார். எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், உள்ளமைப்பை ஆராய்ந்து திருத்துதல், பிரதி எடுத்துப் பிறர்க்கு அளித்தல், திருத்தியதையும் அளித்தல் என்னும் நான்கு சுதந்திரங்களே அதன் அடிப்படையாகும். "எந்த நோக்கத்திற்கும்" என்பதில் வாணிபமும் அடங்கும். 1998இல் தோன்றிய திறந்த மூல முயற்சி என்னும் அமைப்பின் வரையறையும், தொழில் நிறுவனங்கள் பயன்படுத்தலாகாது எனத் தடுக்கும் உரிமத்தை ஏற்பதில்லை. ஆகவே, வாணிபத்திற்கு உதவாது என்று எழுதப்பட்டிருப்பின் அது கட்டற்ற மென்பொருளே அன்று.

அதனை விலைக்கு விற்பதும் தவறன்று. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு தொழில் நடத்திய ரெட் ஹாட் நிறுவனத்தை, 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அத்தொழிலின் வருவாய் பராமரிப்பு, பழுது நீக்கம், ஆலோசனை முதலிய பணிகளுக்கான சந்தாவினின்றும் வந்ததாகும்.

இனி, இவ்வுரிமங்களின் கடமைகளைக் காண்போம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி ஆகியவை இலகுவானவை. ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் பெரும்பாலும் போதும். 1989இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமமோ சற்றுக் கண்டிப்பானது. ஓர் உழவர் தம் விதையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கையில், "இதன் விளைச்சலிலிருந்து நீ விதை கொடுக்கும்போதும் இதே உரிமையோடு கொடு" என்று சொல்வதை அதற்கு ஒப்பிடலாம். மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர், திருத்தியிருப்பின் அத்திருத்தங்கள் உள்ளிட்ட மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ்ப் பெறுவோர்க்கு அளிக்கக் கடமைப்பட்டவர். சங்கம் அதைத் தன் அலுவலகத்திலேயே உபயோகித்தால் இக்கடமை எழுவதில்லை. பிறர்க்கு வழங்கும்போதே எழுகிறது.

நெசவாளருக்கு நேரே பயன்படும் ஓர் எடுத்துக்காட்டு டிஜிபுனாய் என்னும் திறந்த மூல மென்பொருளாகும். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் ஜக்கார்டு, டாபித் தறிகளின் சித்திர வடிவமைப்பிற்காக இதனை உருவாக்கியது. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் கையால் எழுதி, பின் அட்டை அடிக்கும் உழைப்பில் பெரும் பகுதியை இத்தகைய கருவி குறைக்கிறது. அவ்வாறு வரைந்த சித்திரம் யாருக்குச் சொந்தம் என்னும் ஐயம் எழலாம். கட்டற்ற மென்பொருளின் உரிமம் பொதுவாக மென்பொருளைப் பற்றியதே; அதைக் கொண்டு ஆக்கிய பொருளைப் பற்றியதன்று. தச்சர் இரவல் உளியால் கடைந்த கட்டில் உளிக்காரருக்கு உரியதாகாதது போல, நம் நெசவாளர் கற்பனையில் பிறந்த கரையும் புட்டாவும் மென்பொருள் ஆக்கியோருக்கு உரியவை ஆகா.

எழுத்துருக்களிலும் இதே விவேகம் தேவை. விலைச்சீட்டிற்கும் பைக்கும் அழகிய தமிழெழுத்தைத் தேடும்போது, சொந்த உபயோகத்திற்கு மட்டும் என்ற வகை எளிதில் கைக்கு வந்துவிடும். மீரா இனிமை, முக்த மலர் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தவை; அவற்றால் அச்சிட்ட சீட்டை ஒட்டிச் சரக்கை விற்கத் தடையில்லை. எழுத்துருவைத் தனியே விற்பது மட்டும் கூடாது.

உரிமமின்றித் திருட்டுப் பிரதியை உபயோகிப்பதன் விளைவையும் கூறியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, அத்தகைய பிரதியென அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்திற்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லையெனில் நீதிமன்றம் சிறைத் தண்டனையை விலக்கலாம். தொழில் நடத்தும் சங்கமோ அச்சலுகையை எதிர்பார்க்க இயலாது. உறுப்பினர் பங்குத்தொகையைக் காக்கும் பொறுப்புடையோர், சில ஆயிரம் ரூபாய் மிச்சத்திற்காக இவ்வபாயத்தை ஏற்கலாமா?

கட்டற்ற மென்பொருளுக்குச் செலவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். நிறுவுவதற்கும், பணியாளரைப் பழக்குவதற்கும், கணக்குகளைப் பிரதி எடுத்துக் காப்பதற்கும் செலவுண்டு. பழுதுக்கு ஆக்கியோர் பொறுப்பேற்பதில்லை என்று பெரும்பாலான உரிமங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆயினும் மூல நிரல் கிடைப்பதால், பழுது நீக்க ஒரே நிறுவனத்தை நம்பியிராமல், அறிந்த எவரையும் ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். இதுவே சங்கங்களுக்குப் பெரும் நன்மையாகும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் தன் இருப்புப் பதிவேட்டில் மென்பொருளுக்கென ஒரு பக்கம் ஒதுக்குதல் நலம். மென்பொருளின் பெயர், பெற்ற இடம், பெற்ற நாள், உரிமத்தின் பெயர், தொழிலில் பயன்படுத்த அனுமதி உண்டா என்னும் ஐந்து விவரங்களை அதில் குறித்து, உரிம வாசகத்தின் அச்சுப்படி ஒன்றையும் கோப்பில் வைத்தல் வேண்டும். விவரம் எழுத இயலாத மென்பொருள் எதுவோ, அதனை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருளாகச் சேர்த்து, முறைப்படி உரிமம் பெறுவதா, கட்டற்ற வேறொன்றிற்கு மாறுவதா என்று தீர்மானிப்பார்களாக.