அப்பா, அம்மாவோடு காசி பயணம்: சங்கரன்கோவிலில் இருந்து எப்படித் திட்டமிடுவது? லோயர் பெர்த் முதல் அரசின் இலவசத் திட்டம் வரை முழு விவரம்

"ஒரு தடவையாவது காசிக்குப் போயிட்டு வந்துரணும்யா." தென்காசி மாவட்டத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளைகளும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நாம் லீவுக்காகக் காத்திருப்போம். ஆனால் அம்மாவின் மூட்டு வலி காத்திருக்காது. பிரயாக்ராஜ், காசி, கயா, அயோத்தி என ஒரே பயணத்தில் பல ஊர்களுக்கு வயதானவர்களை அழைத்துச் செல்ல என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ஊருக்கு முதலில் போவது?

ராமேஸ்வரத்தில் மண் எடுத்து, பிரயாக்ராஜ் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசிக்குப் போய், கயாவில் முன்னோருக்குப் பிண்டம் வைத்து, கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வரிசை.

இந்த வரிசை ரயில் பாதையோடும் ஒத்துப்போகிறது என்பதுதான் சுவாரஸ்யம். சென்னையில் இருந்து புறப்பட்டு ஜபல்பூர் வழியாகச் செல்லும் ரயில் முதலில் பிரயாக்ராஜ் பக்கம்தான் வரும். அங்கிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீட்டரில் காசி. இன்னும் கிழக்கே போனால் பீகாரில் கயா. அதாவது ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கலாம், அலைச்சல் குறைவு.

அயோத்தி மட்டும் இந்தக் கோட்டில் வராது. காசியில் இருந்து சாலை வழியாகப் போனால் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. 2024 ஜனவரி 22-ல் ராமர் கோயில் பிராண பிரதிஷ்டை நடந்த பிறகு, எல்லாருடைய பட்டியலிலும் அயோத்தி சேர்ந்துவிட்டது. அரியும் சிவனும் ஒன்றாக நிற்கும் சங்கரநாராயணர் ஊர்க்காரர்களுக்கு இரண்டையும் பார்க்க ஆசை இருப்பது இயல்புதான்.

ஆனால் வயதானவர்களோடு ஒரே பயணத்தில் நான்கு ஊர் என்பது ரொம்ப அதிகம். பிரயாக்ராஜ், காசி இரண்டையும் வைத்துக்கொண்டு, கயாவா அயோத்தியா என்று ஒன்றைத் தேர்வு செய்வதே நல்லது. அந்த முடிவையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். கயாவில் தன் அப்பா, அம்மாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்பது உங்கள் அப்பாவின் பல வருடக் கடனாக இருக்கலாம். நமக்கு அது மேப்பில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் இருந்து எப்படிப் போவது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ரயில் மாறாமல் போவது. கன்னியாகுமரி - பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வாரம் ஒருமுறை ஓடுகிறது. திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஏறிக்கொள்ளலாம். பெட்டி, பைகளோடு நடுவில் இறங்கி ஏற வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் ரயிலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, சென்னையில் இறங்கி மாறுவது. சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் சென்னை. அங்கே ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு, சாப்ரா செல்லும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். இது வாரம் இருமுறை ஓடும் ரயில். சுமார் ஒன்றரை நாளில் பிரயாக்ராஜ் பகுதிக்குப் போய்விடலாம்.

மூன்றாவது வழி, சென்னையில் இருந்து விமானம். மூன்று மணி நேரத்துக்குள் வாரணாசி. இடுப்பு வலி, சிறுநீர்ப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதுதான் நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள். "நான் என்ன நடக்க முடியாமலா இருக்கேன்" என்று அப்பா கோபப்படலாம். செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை, விமானம் நிற்கும் கேட் என நடக்க வேண்டிய தூரத்தை முதலிலேயே சொல்லிப் புரிய வைத்துவிட்டால் சண்டை வராது.

போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று கலந்தும் திட்டமிடலாம். போகும்போது இருக்கும் உற்சாகம் திரும்பும்போது இருக்காது. அதனால் செலவு செய்வதென்றால் திரும்பும் பயணத்துக்குச் செய்யுங்கள்.

ஸ்டேஷன் பெயரில் குழப்பம் வேண்டாம்

முகல்சராய் ஸ்டேஷன் 2018-ல் பண்டித தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு என்று மாறியது. மண்டுவாடி 2021-ல் பனாரஸ் ஆனது. வாரணாசி சந்திப்பு என்பது வேறு ஸ்டேஷன். இவை மூன்றும் தனித்தனி இடங்கள். தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு, காசி நகரில் இருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதேபோல பிரயாக்ராஜ் சந்திப்பு வேறு, யமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரயாக்ராஜ் சியோகி வேறு. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துவிட்டு அறையையும் வண்டியையும் பதிவு செய்யுங்கள்.

லோயர் பெர்த் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் லோயர் பெர்த்துகள் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் வைக்கப்படுகின்றன. ஸ்லீப்பரில் பெட்டிக்கு ஆறு முதல் ஏழு, மூன்றடுக்கு ஏசியில் நான்கு முதல் ஐந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று முதல் நான்கு. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள் இதைக் கேட்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தகுதி உள்ள ஒருவரோ இருவரோ மட்டும் அந்த டிக்கெட்டில் இருக்க வேண்டும். அப்பா, அம்மாவோடு நீங்களும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதனால் அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் என்று போடலாம். நீங்கள் வேறு பெட்டிக்குப் போக வேண்டி வரலாம். எழுபது வயதில் மேல் பெர்த்துக்கு ஏறி இறங்குவதைவிட அது பரவாயில்லை. ஆனால் ஞாபக மறதி உள்ளவர்கள், இரவில் உதவி தேவைப்படுபவர்கள் என்றால் எல்லாரும் ஒரே டிக்கெட்டில் போவதே பாதுகாப்பு.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பர் 1 வரை 120 நாளாக இருந்தது இப்போது குறைந்துவிட்டது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதுதான். பழைய நினைப்பில் பட்ஜெட் போட வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூனில் காசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் பாதியில் இருந்து ஜனவரி வரை கடும் பனிமூட்டம், ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நம் ஊர்க் குளிரை மட்டுமே பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர் ரொம்பவே கஷ்டம்.

ஆக, அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, பிப்ரவரி பாதி முதல் மார்ச் பாதி வரை. இந்த இரண்டுதான் நல்ல காலம். இதிலும் மகா சிவராத்திரி, கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ் தீபாவளி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

"விசேஷ நாளில் போனால்தானே புண்ணியம்" என்று வீட்டில் கேட்பார்கள். 2025 மகா கும்பமேளாவில், ஜனவரி 29 மௌனி அமாவாசை அன்று ஏற்பட்ட நெரிசலில் 30 பேர் உயிரிழந்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கும்பமேளா இல்லாத வருடங்களிலும் ஜனவரி, பிப்ரவரியில் பிரயாக்ராஜில் மாக மேளா நடக்கும். கூட்டத்தில் தள்ளு முள்ளு வந்தால் இருபது வயதுப் பையன் ஒதுங்கிவிடுவான். எழுபது வயதுக்காரரால் முடியாது. கங்கை எல்லா நாளும் அங்கேதான் ஓடுகிறது.

ஒவ்வொரு ஊரிலும் எத்தனை நாள்?

பிரயாக்ராஜில் ஒரு இரவு அல்லது இரண்டு, காசியில் மூன்று இரவு, கயா என்றால் ஒரு இரவு. இந்தக் கணக்கு சரியாக வரும். காசியில் இருந்து ஒரே நாளில் கயா போய்த் திரும்பும் டூர்கள் நிறைய இருக்கின்றன. போக 250 கிலோமீட்டர், வர 250 கிலோமீட்டர். நடுவில் பிண்டதானம், அதுவும் பெரும்பாலும் சாப்பிடாமல். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆபத்து. கயாவில் தங்கிவிட்டு மறுநாள் வருவதே பாதுகாப்பு.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை. இதுதான் விதி. காலையில் விசுவநாதர் தரிசனம் என்றால், மதியம் அறையில் தூக்கம். மாலையில் தசாசுவமேத படித்துறை கங்கா ஆரத்தி என்றால், அன்று காலை ஒன்றும் வேண்டாம். வெளிநாடு போனாலும் இதே கணக்குதான். இத்தாலிக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்களும் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று தினம் ஒரு ஊர் ஓடினால், வெனிஸின் படிக்கட்டுப் பாலங்களில் ஏறும்போதுதான் முழங்கால் பதில் சொல்லும்.

காசியில் என்ன கவனிக்க வேண்டும்?

காசியில் 84 படித்துறைகள். பெரும்பாலானவை செங்குத்தான படிகள். சாய்தளம் உள்ள நமோ காட் போன்ற இடத்தில் படகேறி, ஆற்றில் இருந்தபடியே எல்லாப் படித்துறைகளையும் பார்க்கலாம். ஆரத்தியையும் படகில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

தங்குவதற்குப் பல தமிழர்கள் தேடிப்போவது நகரத்தார் சத்திரத்தையும், அனுமன் காட், கேதார் காட் பகுதியையும்தான். பாரதியார் இளம் வயதில் வாழ்ந்ததும், குமரகுருபரர் மடம் அமைத்ததும் இந்தப் பக்கம்தான். தமிழ் பேச ஆள் கிடைக்கும், இட்லி கிடைக்கும். ஆனால் சந்துகள் குறுகல், கார் வராது. பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வண்டி எவ்வளவு தூரம் வரை வரும்? லிஃப்ட் இருக்கிறதா? அறையில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா?

விசுவநாதர் கோயிலுக்குள்ளும், அயோத்தி ராமர் கோயிலுக்குள்ளும் செல்போன் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் அம்மா பிரிந்துவிட்டால் அழைக்க வழியில்லை. தங்கும் இடத்தின் பெயர், முகவரி, உங்கள் எண் ஆகியவற்றை இந்தியில் ஒரு அட்டையில் எழுதி, இருவரின் பையிலும் வைத்துவிடுங்கள். பிரிந்தால் எந்த வாசலில் காத்திருக்க வேண்டும் என்பதையும் உள்ளே போகும் முன்பே காட்டிவிடுங்கள். கட்டண தரிசனம் வேண்டுமென்றால் கோயிலின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

மருந்துப் பையில் என்ன இருக்க வேண்டும்?

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக மாத்திரை வாங்கி, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டையும் கடைசி ஈசிஜியையும் போட்டோ எடுத்து வையுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதைக் கவனிக்க வேண்டியது நீங்கள்தான். ரயிலில் அவசர உதவிக்கு 139, ஆம்புலன்ஸுக்கு 108.

அரசின் இலவசத் திட்டம் யாருக்கு?

இந்து சமய அறநிலையத் துறை ராமேஸ்வரம் - காசி ஆன்மிகப் பயணத்தை நடத்துகிறது. 2022-23-ல் 200 பேருடன் தொடங்கியது, 2023-24-ல் 300 பேர், 2024-25-ல் 420 பேர், 2025-26-க்கு 600 பேர் என்று உயர்ந்திருக்கிறது. 60 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் தேவை. அறிவிப்பு வந்ததும் துறையின் இணையதளத்திலோ இணை ஆணையர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம்.

70 என்ற அந்த உச்ச வரம்பைக் கவனியுங்கள். உங்கள் அப்பாவுக்கு இப்போது 68 என்றால், "அடுத்த வருஷம்" என்று சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வாய்ப்புகள்தான் மிச்சம்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அப்போது பிடிவாதம் வேண்டாம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் தென்காசியில் இருக்கிறது. வடக்கே போக முடியாதவர்களுக்காகவே எழுந்த தென்காசி என்று சொல்லும் வழக்கமும் உண்டு. சங்கரன்கோவிலில் ரயிலேறினால் அன்றைக்கே தரிசனம் முடித்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் டாக்டர் "போகலாம்" என்று சொல்லிவிட்டால், இன்று இரவே அவர்களிடம் கேளுங்கள்: கயாவா, அயோத்தியா? பதில் கிடைத்ததும் காலண்டரில் 60 நாள் தள்ளி ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்.