சுவாசக் குழாயும் கட்டப்பட்ட கைகளும்

மண்கும்பானில் ஒருவர் மூச்சுத் திணறிக் கடும் நோயுற்றால், அவரை அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் அதற்குமுன் குறிகட்டுவான் வரை கடற்பயணமும் உண்டு. பின்னர் பார்க்கச் செல்லும் உறவினர் காண்பது, வாயில் குழாயுடன் பேச்சற்றுக் கிடக்கும் ஒருவரையே. இத்தகையோரின் கைகளைக் கட்டிலுடன் பிணைத்து வைத்தல் உலகின் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிலவும் வழக்கமாகும். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். இக்காரணம் எத்துணை பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

குழாய் குரல்நாண்களினூடாக வாதனாளியுட் சென்று, அது இரண்டாகக் கிளைக்கும் இடத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் மேலே நிற்றல் வேண்டும். தலையை நிமிர்த்தினால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மேலேறும்; குனிந்தால் அவ்வளவு கீழிறங்கும். எனவே நோயாளியைப் புரட்டும்போதும், உடல் துடைக்கும்போதும், ஒரு படுக்கையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும் அது தற்செயலாகக் கழல இடமுண்டு. அவ்வேளைகளில் ஒருவர் வேறெவ்வேலையும் செய்யாது குழாயை மட்டும் பிடித்திருத்தல் வேண்டும். உமிழ்நீரில் நனைந்து தளர்ந்த ஒட்டுநாடாவை உடன் மாற்றுதலும், உதட்டருகேயுள்ள அளவுக்குறியை, வளர்ந்தோருக்குப் பெரும்பாலும் 21 முதல் 23 வரை, வேளைதோறும் பதிந்துவைத்தலும் அவசியம். வெளிமூச்சின் காபனீரொட்சைட்டை அளக்கும் கருவி, குழாய் விலகியதை உடனே காட்டிவிடும்.

எனினும் நோயாளி தாமே பிடுங்கும் நிகழ்ச்சிகளே மிகுதி. ஆய்வுகள் தரும் செய்தி வியப்பானது: அவ்வாறு பிடுங்கியோருட் பலர் கைகள் கட்டப்பட்டிருந்தோரே! மேலும், அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குக் குழாய் மீண்டும் தேவைப்படவில்லை. அதாவது, அதனை அகற்றவேண்டிய காலம் முன்னரே வந்திருந்தது. மயக்க மருந்தை நாள்தோறும் குறைத்து, தாமாகச் சுவாசிக்கிறாரா எனச் சோதித்தல் கயிற்றினும் பயன்மிக்கது. எஞ்சிய அரைவாசியினருக்கோ சில நிமிடங்களில் உயிராபத்து நேரலாம். குழாயை மீளச் செலுத்தத் தெரிந்தவர் அருகிலிருத்தல் வேண்டும்.

கை குழாயை நாடுவது ஏன்? வலி, அச்சம், சொல்ல வாயின்மை. எழுத்துப் பலகை வைக்கலாம் என்பர். நமது 247 எழுத்துகளுள் தேடிச் சுட்டக் களைத்தவரால் இயலுமா? ‘வலிக்கிறது’, ‘மூச்சு முட்டுகிறது’, ‘சளி எடுங்கள்’ என எழுதிய அட்டையே போதும்.

1952இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்துக் காற்றுப்பையைக் கையால் அழுத்தி நோயாளரைச் சுவாசிக்கச் செய்தனர். நோயாளியின் அருகே எந்நேரமும் ஒரு மனிதர் இருந்தார். பொறி வந்தபின் அழுத்தும் கைக்கு வேலையில்லாது போயிற்று. காவலிருக்கும் கண்ணுக்கு அன்று. இரவில் ஒரு தாதியிடம் பல நோயாளரை ஒப்படைத்துவிட்டுக் கயிற்றை நம்புதல் முறையன்று. படகேறி வந்த உறவினர் நோயாளியின் கையைப் பற்றி, இது எவ்விடம், இன்று என்ன நாள் என எடுத்துச் சொல்ல இடமளித்தலும் சிகிச்சையின் பகுதியேயாகும்.