பறக்கும் தாத்தாக்கள்!

நம்ம மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஏறத்தாழ 1,300 வருஷமாக நிற்கிறது. கல்லில் ஏறிய உப்பைத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். மற்றபடி கோயில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நின்றால் போதும். ஆனால் ஓர் எஞ்சினை அப்படி நிற்க விட்டுப் பாருங்கள்! ஒரு மழைக்காலம் போனால் வீட்டு ஸ்கூட்டரே ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். அப்படியிருக்க, 80 வயது ஆகாய விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பது என்றால் சும்மாவா?

நம் நாட்டு விமானப் படையில் அப்படி ஒரு தாத்தா இருக்கிறார். பெயர் பரசுராமா. ஜாதி டகோட்டா. 2011-இல் அயர்லாந்தில் காயலான் கடைக்குப் போகவிருந்த நிலையில் இருந்த இந்த விமானத்தை ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவருடைய அப்பா விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். பிரிட்டனில் வைத்துப் பழுது பார்த்து முடிக்கச் சில வருஷங்கள் ஆயின. பிறகு விமானப் படைக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். 2018 ஏப்ரல் 17 அன்று பிரிட்டனின் கவென்ட்ரியில் கிளம்பி, நாடு நாடாக இறங்கி ஏறி, ஏப்ரல் 25 அன்று ஜாம்நகருக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை, சொந்த எஞ்சினில் பறந்தே வந்தது!

இங்கே நம்ம டிபார்ட்மெண்ட் சமாசாரம் ஒன்று. டகோட்டாவின் ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள். காரில் இருப்பது போல வரிசையாக இல்லை. பூ இதழ் மாதிரி வட்டமாக, ஏழு ஏழாக இரண்டு அடுக்கு. அப்படியானால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத்தானே தொங்கும்? எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் போய்த் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியுமா? அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்தே போகும். இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறார்கள். அதனால் கிளம்பும் முன் புரொப்பல்லரைக் கையால் ஒவ்வொரு இறக்கையாகத் தள்ளிச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேயாவது தட்டினால் பலத்தைக் காட்டக் கூடாது. கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும். எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் இந்த வேலைக்குக் கைதான் வேண்டும்.

இன்னொரு தாத்தா, டைகர் மாத். 1931-இல் முதலில் பறந்த ரகம். இரட்டை இறக்கை, சுமார் 130 குதிரைத்திறன் எஞ்சின். இறக்கை எதனால் ஆனது தெரியுமா? மரச்சட்டமும் துணியும்! துணியை மரச்சட்டத்தில் ஊசி நூலால் தைத்து, மேலே 'டோப்' என்ற திரவத்தைப் பல பூச்சு பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, பறை வார்த்தது போல விறைத்துக்கொள்ளும். பூச்சு குறைந்தால் தொளதொளக்கும், அதிகமானால் சட்டத்தையே இழுத்து வளைத்துவிடும். சரியான அளவு எது? பூசிப் பழகிய கைக்குத்தான் தெரியும். அந்தக் கை ஓய்வு பெறுவதற்குள் இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விமானம் இருக்கும், பறக்காது. நம்ம விமானப் படையின் டைகர் மாத்தைப் புதுப்பித்து, 2012 விமானப் படை தினத்தன்று ஹிண்டனில் பறக்க வைத்தார்கள்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த சாகசக் காட்சியில் டகோட்டாவை நானும் பார்த்தேன். ரஃபேல் வந்தபோது காதைப் பொத்திக்கொண்டோம். டகோட்டா வந்ததோ, ஆற அமர, ரிக் ஷா மாதிரி! பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அது போய் மறையும் வரை கையைக் கண்ணுக்குக் குடை பிடித்தபடியே நின்றார். பொருட்காட்சிக் கூடத்தில் கயிறு கட்டி வைத்திருந்தால் அந்தச் சத்தம் அவருக்குக் கிடைத்திருக்குமா? (அன்று வெயிலுக்கும் நெரிசலுக்கும் இடையே ஐந்து பேர் உயிர் போனது. அதையும் சொல்லாமல் விட மனசில்லை.)

"பழசைப் பறக்க விடுவது ஆபத்தாச்சே" என்று என் நண்பன் ஒருவன் வாதம் செய்தான். அவன் பக்கமும் நியாயம் இருக்கு. டகோட்டா நம்மிடம் வந்த அதே 2018-இல், ஆகஸ்ட் 4 அன்று, சுவிட்சர்லாந்தில் பயணிகளை ஏற்றிச் சென்ற 1939-ஆம் வருஷத்து யுங்கர்ஸ் விமானம் மலையில் விழுந்து 20 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்குக்குள் மிகத் தாழ்வாக, ஆபத்தான விதத்தில் ஓட்டியதே காரணம் என்றது விசாரணை அறிக்கை. விபத்துக்குக் காரணமாகாவிட்டாலும், உள்ளே துரு அரிப்பும் பழுதுகளும் இருந்ததையும் அதே அறிக்கை எடுத்துச் சொன்னது. ஆக, பறக்க விடலாம், ஆனால் ஆட்களை ஏற்றிக் காசு பார்க்கும்போது விதி இரட்டிப்புக் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? அலுமினியத்துக்கும் அதே கதிதான். என்ன, சிவப்பாக இல்லாமல் வெள்ளைப் பொடியாக வரும். பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

"இத்தனை பார்ட் மாத்தினா அது பழைய விமானமா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. பரசுராமாவின் வாலில் உள்ள வி.பி. 905 என்ற எண்கூட, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதலில் படைவீரர்களைக் கொண்டுபோன டகோட்டாவின் நினைவாக எழுதியதுதான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. தேருக்குச் சக்கரம் மாற்றினால் வேறு தேர் என்றா சொல்கிறோம்?

அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட் பெங்களூரு என்று முடிவானால், யூனியன்காரர்கள் தயவுசெய்து எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தையும் லிஸ்டில் சேருங்கள். விமானங்களோடு எஞ்சின்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். வட்ட எஞ்சின் கண்ணில் பட்டால் நேராகக் கீழே குனிந்து, தலைகீழாகத் தொங்கும் சிலிண்டரைப் பாருங்கள். ஷாப்பிங் எல்லாம் அப்புறம்!

– இறுதியாண்டு, இயந்திரவியல்