காலைப் பார்க்காதே, இலக்கைப் பார்!



தோட்டப் பள்ளியொன்றில் பாடத்தோடு காற்பந்தும் சொல்லிக் கொடுப்பவன் நான். நான் செய்த தவறு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது பயன்படலாம்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். லயத்து வாசலில் அவன் உதைக்கும் பந்து நினைத்த இடத்தில் போய் விழும். பள்ளித் திடலுக்கு வந்தால் மட்டும் உதை பிசகும். நான் சும்மா இருந்தேனா? “கணுக்காலை இறுக்கு! முழங்காலை மடக்கு! உடம்பைச் சாய்!” என்று உதைக்கு ஓர் உத்தரவு போட்டேன். பையன் தன் காலையே பார்த்தபடி ஓடி வந்து, பந்தை விட்டுத் தரையை உதைத்தான். ஒருநாள், “எனக்குப் பந்து வராதுங்க ஐயா, நான் நின்னுக்கிறேன்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. லயத்தில் வந்த ஆட்டம் என்னிடம் வந்ததும் எங்கே போயிற்று?

விடை தேடிப் படித்தேன். கேப்ரியேல வுல்ஃப் என்னும் அம்மையாரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களுள் சிலரைத் தம் பாதங்களில் கவனம் வைக்கச் சொன்னார்கள். வேறு சிலரைப் பாதங்களுக்குக் கீழிருந்த சக்கரங்களில் வைக்கச் சொன்னார்கள். சக்கரங்களைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள்.

2002-இல் அதே அம்மையார் குழுவினர் காற்பந்தை எடுத்துக் கொண்டனர். பந்தைத் தூக்கி உதைத்து இலக்கில் சேர்க்க வேண்டும். “பாதத்தைப் பந்தின் நடுக்கோட்டுக்குக் கீழே வை” என்பதைவிட, “பந்தை நடுக்கோட்டுக்குக் கீழே அடி” என்பதே அதிகம் பலித்தது. சொல்லில் சிறு மாற்றந்தான். ஆனால் முன்னது கவனத்தைக் காலுக்கு இழுக்கிறது. பின்னது பந்துக்கு அனுப்புகிறது.

காரணம் என்ன? உடம்பு தானாகச் செய்யும் வேலையை மூளை ஒவ்வொரு மூட்டாக மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் தசைகள் விறைத்துப் போகின்றன. பால்மரம் சீவும் நம் தாய்மார்கள் மணிக்கட்டையா பார்க்கிறார்கள்? பட்டையில் கத்தி போகும் கோட்டைத்தானே பார்க்கிறார்கள்!

புதிதாகப் பழகும் பிள்ளைக்குக் காலை எங்கே ஊன்றுவது என்று செய்து காட்டத்தான் வேண்டும். காட்டிய பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மறுவாரம் கோல் கம்பத்தில் பழைய டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். “தம்பி, இதுக்குள்ள பந்தைப் போடு” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நான்கு உதைகள் விலகிப் போயின. ஐந்தாவது டயரின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. பையன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பந்தை எடுக்க ஓடினான். அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிடவில்லை. ஆனால் குழுவை விட்டு நிற்கவும் இல்லை.

பெற்றோர்களே, திடலோரம் நின்று “காலைப் பார்டா!” என்று கத்தாதீர்கள். பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தைக் காட்டுங்கள். வழியைக் கால் கண்டுபிடித்துக் கொள்ளும்.