ஒரே பெயர், வெவ்வேறு குடும்பம்: பழம்பதிவேடுகளில் உறவைத் தேடும் முறை

புதியவர் ஒருவரைக் கண்டால் பெயரையும் ஊரையும் கேட்டு, "அப்படியானால் நீங்கள் எங்களவர்தாம்" என்று உறவு கொண்டாடுவது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கமாகும். இவ்வழக்கம் அன்பை வளர்ப்பது. ஆயினும் சொத்துரிமை, குடியுரிமை, சேம நிதிப் பணம் போன்றவற்றில் உறவை மெய்ப்பிக்க வேண்டிய வேளையில், பெயர் ஒன்றாய் இருப்பது மட்டும் போதுமானதன்று. பெயர் ஒத்த பலருள் நம்மவர் யார் என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு அறியும் முறையை ஈண்டுக் காண்போம்.

குடும்பப் பெயரும் தந்தை பெயரும்

சீனர்களின் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவது. தோட்டத் தமிழர்களிடம் அத்தகைய வழக்கம் இல்லை. ராமசாமியின் மகன் பெருமாள். பெருமாளின் மகன் முருகையா. பேரனின் பெயரில் பாட்டனாரின் பெயர் மறைந்துவிடுகிறது. ஆகவே, இரண்டாம் பெயர் 'ராமசாமி' என்றுள்ள நூறு பேர் நூறு வேறு தந்தையரின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். அவர்களை ஒரே குடும்பத்தார் எனக் கொள்வது பெரும் பிழையாகும்.

பாச்சாங் வட்டாரத்திற்கு அண்மையில், காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகளின் நிலை வேறு. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் இவர்கள். பேச்சு மொழி மலாயாக மாறிய பின்னரும், சைவ சமயத்தையும் பிள்ளை, நாயக்கர் போன்ற குடும்பப் பெயர்களையும் இவர்கள் விடாது காத்து வந்துள்ளனர்.

டச்சுக்காரர் மலாக்காவை ஆண்ட காலத்தில், 1781ஆம் ஆண்டு பொய்யாத விநாயகர் ஆலயத்திற்கு நிலம் கிடைத்தது. அதனோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் தலைவர் தைவநாயகம் செட்டி ஆவார். இங்குச் 'செட்டி' என்பது வணிகர் என்பதைக் குறிக்கும் பட்டம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வட்டித் தொழில் புரிய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு சமூகத்தார். இருசாராரின் பெயரிலும் 'செட்டி' என்னும் சொல் இருப்பதைக் கொண்டு அவர்களை ஒருவரோடொருவர் உறவினராக்கிவிட இயலாது. பதிவேட்டைப் படிப்போர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய பாடம் இதுவேயாகும்.

நெட்டால் காட்டும் வழி

கடல் கடந்த தமிழரின் பதிவேடுகளில் சிறப்பு மிக்கவை தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதிக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பற் பட்டியல்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை 152,184 பேர் இந்தியாவிலிருந்து அங்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டன.

இன்று அந்நாட்டில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலி, படையாச்சி என்னும் குடும்பப் பெயர்களைக் கொண்டோர் ஏராளமாக உள்ளனர். முன்னாளில் சாதிப் பட்டமாகவோ, தந்தையின் பெயராகவோ இருந்தவை நாளடைவில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. தம் முன்னோரைத் தேடும் ஒருவர் 'பிள்ளை' என்னும் பெயரை மட்டும் நாடினால் எண்ணற்றோர் குவிந்துவிடுவர். முன்னோரின் எண்ணையும் கப்பலின் பெயரையும் அறிந்தவரோ நேரே ஒரு கிராமத்தின் வாயிலுக்கே சென்றுவிடலாம். பெயர் கதவைக் காட்டும். அதனைத் திறக்கும் சாவி பெயரோடு எழுதப்பட்ட பிற விவரங்களே.

மலாயாவில் கங்காணி முறை

மலாயாவில் ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை ஓங்கியிருந்தது. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று உற்றாரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தார். 1907இல் அமைந்த குடியேற்ற நிதியைக் கொண்டு அவர்களின் கப்பற் செலவு ஈடு செய்யப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் தங்க வைக்கப்பட்ட பின்னரே அவர்கள் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

இதனால் விளையும் நன்மை ஒன்றுண்டு. ஒரு தோட்டத்தின் ஒரு லயத்தில் வாழ்ந்த பல குடும்பங்கள் ஒரே தாலுகாவிலிருந்து வந்தவையாக இருத்தல் கூடும். நம் பாட்டனாரின் ஊர் தெரியாவிடினும், அவருடன் வந்தவரின் ஊர் தெரிந்தால் அதுவே நல்ல தடயமாகும்.

ஒருவருக்குப் பல பெயர்

ஒரு பெயரைப் பலர் தாங்குவது போலவே, ஒருவரே பல பெயர்களில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. கிராணி தம் காதில் விழுந்தவாறு ரோமன் எழுத்தில் எழுதினார். சின்னையாவை ஒருவர் 'சி' எழுத்தில் தொடங்கினார். மற்றொருவர் 'எஸ்' எழுத்தில் தொடங்கினார். வேலுவுக்கு 'வி' எழுத்தும் உண்டு, 'டபிள்யூ' எழுத்தும் உண்டு. சுப்பிரமணியம் ஓர் ஏட்டில் முழுமையாக இருப்பார். மற்றோர் ஏட்டில் 'மணியம்' எனச் சுருங்கிவிடுவார். ஆகவே, ஓர் எழுத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடலாகாது. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எத்தனை வகையில் எழுத இயலுமோ அத்தனை வகையிலும் தேடுதல் வேண்டும்.

பொருத்திப் பார்க்கும் விதம்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். 'ராமசாமி மகன் பெருமாள்' என்னும் பெயர் மூன்று இடங்களில் காணப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் அடையாளக் கார்டுப் பதிவில் அவருக்கு வயது 30. 1951இல் ஊழியர் சேம நிதி தொடங்கியபோது எழுதப்பட்ட தாளில் அவர் பிறந்த ஆண்டு 1919. 1956ஆம் ஆண்டின் ஒரு குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையாகக் குறிக்கப்பட்ட பெருமாளுக்கு வயது 25.

முதல் இருவரின் வயது ஓராண்டே வேறுபடுகிறது. அக்காலத்தில் பலருடைய வயது குத்துமதிப்பாக எழுதப்பட்டமையால், இவ்விருவரும் ஒருவராக இருக்கலாம். மூன்றாமவர் 1931ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் பெரும்பாலும் வேறொருவர். முதல் இருவரும் ஒருவரே என்று துணிவதற்கும் வயது மட்டும் போதாது. மனைவியின் பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்திருத்தல் வேண்டும். இதில் அவசரம் கூடாது. பிறருடைய தந்தையை நம் பாட்டனாராக எழுதிவிட்டால், அதன்மேல் கட்டும் மரபுவழி முழுவதும் தவறாகிவிடும்.

எங்குத் தேடுவது?

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளின் நகலைத் தேசிய பதிவு இலாகாவில் விண்ணப்பித்துப் பெறலாம். பழைய அரசாங்கக் கோப்புகள் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அக்காப்பகம் 1957இல் தொடங்கப்பெற்றது. நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்த ஏடுகள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் உள்ளன. மலாக்காவைப் பற்றிய டச்சு நிறுவனத்தின் ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் காக்கப்படுகின்றன.

இவற்றினும் அருகில் உள்ளவற்றை நாம் மறத்தலாகாது. தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழாக் கணக்கு, தோட்டத்துச் செக்ரோல், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய உறுப்பினர் அட்டை ஆகியவை யாவும் சான்றுகளே. 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் பல திசைகளில் சிதறினர். பின்னாளில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. தோட்ட அலுவலகம் மூடப்படும் நாளில் அதன் ஏடுகளும் குப்பையோடு போகக்கூடும். அதற்கு முன்னரே கேட்டுப் பெற்றுக் காப்பது ஊராரின் பொறுப்பாகும்.

இதனால் என்ன பயன்?

நம் நாட்டின் சட்டம் குடியுரிமையை வரையறுக்கும்போது, 1962 அக்டோபருக்கு முன்னும் பின்னும் பிறந்தோருக்கு வெவ்வேறு விதிகளை வகுத்துள்ளது. பின்னர்ப் பிறந்தோருக்குப் பெற்றோரின் நிலையும் இன்றியமையாததாகிறது. பெற்றோரின் பத்திரம் இல்லாமையால் மக்களும் மக்களின் மக்களும் இடர்ப்படுதல் கூடும். பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாளக் கார்டில் மற்றொரு பெயரும் இருப்பின், பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே உரிய இலாகாவை அணுகி அதனைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று. அவர் மறைந்த பின்னர் அப்பணி பன்மடங்கு கடினமாகும்.

பத்திரமே இல்லாதவர்களும் உளர். 1942க்கும் 1943க்கும் இடையே ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. பெயர் பொறித்த கல்லறையும் அவர்களுக்கு இல்லை. வீட்டிலுள்ள முதியோரின் நினைவே அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள ஏடாகும்.

எனவே, ஒரு பள்ளி நோட்டை எடுத்துக் கொள்வோம். பாட்டனார், பாட்டியார் பெயர்கள், அவர்தம் தந்தையர் பெயர்கள், இந்தியாவிலிருந்த ஊர், வந்த ஆண்டு, கப்பல், கங்காணியின் பெயர், முதலில் வேலை செய்த தோட்டம் ஆகிய அனைத்தையும் முதியோரைக் கேட்டு எழுதி வைப்போம். யார் சொன்னது, எந்நாளில் சொன்னது என்பதையும் குறித்துக் கொள்வோம். காப்பகத்தின் ஏடுகள் நாளையும் இருக்கும். முதியோரைக் கேட்கும் வாய்ப்போ இன்று மட்டுமே நம் கையில் உள்ளது.