அரிசிக் கடையில் தொடங்கிய கார் கம்பெனி

துவரம் பருப்பு விலையும் ஜி.எஸ்.டி. கணக்கும் பேசுகிற நம் இதழில், மயிலாப்பூரில் மூட்டை வியாபாரம் செய்யும் ஒருவன் கொரியா நாட்டுக் காரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தி.நகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகன் சென்ற மாதம் ஒரு கொரியா காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து செய்தி சொன்னான். யாரையும் கேட்கவில்லை. "கொரியா வண்டிதானே, இதுல விசாரிக்க என்ன இருக்குப்பா?" என்று அப்பாவிடமே திருப்பிக் கேட்டான். நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1998-ல் இதே நண்பர் கொரியா கார் வாங்கலாமா என்று இருபது பேரிடம் கேட்டு, இருபது பேரும் வேண்டாம் என்றதால் வாங்காமல் விட்டவர்.

அன்று அப்படிச் சொன்னவர்களைக் குறை கூற முடியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் அம்பாசடர், ஃபியட், பிறகு மாருதி. நம் சென்னைக்காரர்களின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய வண்டியை விட்டது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர்; உள்ளே வைத்ததோ மிகப் பழைய எஞ்சின். பெட்ரோலை அது குடித்த குடியில், சில ஆண்டுகளில் வண்டியும் நின்றது, கம்பெனியும் நின்றது. சொந்த ஊர்ச் சரக்கே இப்படி என்றால், கொரியாக்காரனை யார் நம்புவார்கள்?

முதலில் வந்த கொரியா பெயர் டேவூ. 1995-ல் அவர்களுடைய சியலோ கார், உத்தரப் பிரதேசத்துச் சூரஜ்பூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. முன்பணம் கட்டக் கூட்டம் மோதியது. பிறகு விற்பனை இறங்கியதும் விலையைப் பெரிதாகக் குறைத்தார்கள். முதலில் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் முகத்தில் கரி. நாமும் இந்தத் தவறைச் செய்வதுண்டு: பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, நாளைக்கு வருகிறவருக்குக் குறைந்த விலை. 1998-ல் மாட்டிஸ் என்ற சின்னக் காரையும் கொண்டுவந்தார்கள். அது உண்மையிலேயே நல்ல வண்டி. ஆனால் 1999-ல் கொரியாவில் டேவூ குழுமமே கடனில் மூழ்கியது. 2002-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் கார்த் தொழிலை எடுத்துக்கொண்டபோது இந்தியத் தொழிற்சாலையைச் சேர்த்து எடுக்கவில்லை. இங்கே வண்டி வைத்திருந்தவர்கள் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மாட்டிஸ் வம்சத்து வண்டிதான் 2007-ல் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் மறுபடி நம் ஊருக்கு வந்தது. ஆக, சரக்கில் கோளாறு இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனதுதான் கோளாறு.

ஹூண்டாய் வந்த விதம் வேறு. 1996-ல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டி, 1998-ல் சான்ட்ரோவை வெளியிட்டது. கொத்தவால் சாவடியின் காய்கறிக் கடைகளைக் கோயம்பேட்டுக்கு மாற்றியதும் அந்த 1996-ல்தான்; அதனால் எனக்கு ஆண்டு மறப்பதில்லை. அவர்கள் தனியாக வரவில்லை. பாகங்கள் செய்து கொடுக்கும் கொரியக் கம்பெனிகள் பலவற்றைக் கூடவே கூட்டிவந்து அக்கம்பக்கத்தில் குடியேற்றினார்கள். நமக்கு இது சட்டென்று புரியும். அரிசிக் கடை போடுகிறவன் அரைவை மில்லையும் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால், சரக்கு தீர்ந்துவிட்டது என்ற பேச்சே வராது.

விளம்பரத்தில் ஷாரூக் கான், இந்தக் கம்பெனியை யாருக்குத் தெரியும் என்று சந்தேகம் கேட்பார். கொரிய அதிகாரி ஒருவர் பதில் சொல்வார். வாங்குகிறவன் மனத்தில் இருந்த கேள்வியை விற்கிறவனே எடுத்துப் பேசியதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். சான்ட்ரோவின் உயரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. தெற்கு மாட வீதியில் டப்பா, பீரோ என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். 2001-ல் நான் வாங்கியதற்குக் காரணமே அந்த உயரம்தான். முழங்கால் வலிக்காரியான என் தாயார், புடவையைத் தூக்கிப் பிடிக்காமல், குனியாமல், நாற்காலியில் உட்காருவது போல ஏறி உட்கார்ந்தார். அதற்கு மேல் எனக்கு விசாரணை தேவைப்படவில்லை.

இனி அமெரிக்காக் கதை. 1986-ல் ஹூண்டாய் அங்கே எக்ஸெல் என்ற காரை ஐயாயிரம் டாலருக்குள் விற்றது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் போயிற்று. மலிவுக்கு வந்த கூட்டம், வண்டி மக்கர் செய்ததும் அதே வேகத்தில் ஓடியது. தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரர்கள் கேலி செய்யும் பெயராக ஹூண்டாய் ஆயிற்று. பத்து ஆண்டு கழித்தும் அந்தக் கறை போகவில்லை. பிறகு 1999-ம் ஆண்டு மாடல்களிலிருந்து எஞ்சினுக்கும் கியருக்கும் பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். ஒரு லட்சம் மைல் என்றால் சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். முதலில் வாங்கியவருக்கு மட்டுந்தான் அந்தப் பத்து வருடம், கைமாறினால் ஐந்து. கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அதிலுள்ள சூட்சுமம் இதுதான். பத்து வருடத்துக்கு ரிப்பேர்ச் செலவு தன் தலையில் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தொழிற்சாலையில் ஒரு திருகைச் சரியாக முடுக்காமல் விட்டாலும் நஷ்டம் தனக்கே. வாக்குக் கொடுத்த பிறகு சரக்கைத் திருத்தியே ஆக வேண்டும். 2004-ல் ஜே.டி. பவர் நிறுவனம் எடுத்த புது வண்டித் தரக் கணக்கில், ஹூண்டாய் ஹோண்டாவுடன் சமமாக இரண்டாம் இடத்தில் நின்றது.

இந்த விவரங்களை அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகன் 2004-ல் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மந்தைவெளிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் வாங்கிய மூன்று மூட்டை தனியாவில் வண்டு இருப்பதாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "பார்த்துத்தானே எடுத்துப்போனீங்க?" என்று கேட்டுவிட்டேன். பில்லின் அடியில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்ததையும் விரலால் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டுப் போனவர், பிறகு என் படி ஏறவேயில்லை. பதினோரு வருட வாடிக்கை. மூன்று மூட்டை தனியாவின் விலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த வாரமே பில் புத்தகத்தை மாற்றி அச்சடிக்கக் கொடுத்தேன்: "குறையுள்ள சரக்கு பத்து நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்." முதல் வருடம் கையைக் கடித்தது, மறைக்காமல் சொல்கிறேன். சிலர் தங்கள் கடையில் ஈரத்தில் வைத்துக் கெடுத்ததையும் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன் பிறகுதான் நான் குடோனில் மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கக் கற்றேன். எனக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும் ஜாக்கிரதையானார்கள்.

ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜு-யுங் நம் ஜாதிதான், அதாவது மளிகை ஜாதி. இன்று வட கொரியாவில் இருக்கும் கிராமத்தில் 1915-ல் பிறந்த விவசாயி மகன். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். சியோலில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தார். கணக்கு வழக்கில் நேர்மையைப் பார்த்து, முதலாளி கடையையே அவரிடம் ஒப்படைத்தார். 1939-ல் ஜப்பானிய ஆட்சி அரிசியை ரேஷனுக்குள் கொண்டுவந்ததும் கடை போயிற்று. அடுத்த ஆண்டு கார் பட்டறை எடுத்தார். அது தீப்பிடித்து எரிந்தது. முன்பு கடன் கொடுத்தவரிடமே திரும்பப் போய்க் கடன் கேட்டார். கிடைத்தது. கார்க் கம்பெனி தொடங்கியது 1967-ல். நம் ஊரில் சான்ட்ரோ வந்த அதே 1998-ல், எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவர் ஆயிரத்தொரு மாடுகளை இரண்டு தவணையாக எல்லை தாண்டி வட கொரியாவுக்கு ஓட்டிக் கொடுத்தார். ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி!

இதைப் படித்துவிட்டு கொரியா காரில் குறையே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்னக் கார்களை மோதிப் பார்த்தபோது, ஐ10 உட்பட ஐந்துக்கும் பூஜ்யம். 2023-ல் வெர்னா ஐந்து நட்சத்திரம் வாங்க ஒன்பது ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவில் 2015 முதல் அவர்களுடைய ஒரு வகை எஞ்சினில் கோளாறு கண்டு லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்; கடைசியில் அந்த எஞ்சின்களுக்கு ஆயுட்கால வாரண்டி கொடுக்க வேண்டி வந்தது. இங்கேயும் நெடுங்காலம் மாருதிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்கள், 2025 ஏப்ரலில் மாத விற்பனையில் நான்காம் இடத்துக்கு இறங்கினார்கள். மஹிந்திராவும் டாடாவும் சும்மா இருக்கவில்லை.

தி.நகர் நண்பரின் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சர்வீஸ் எங்கேப்பா, எத்தனை நாள்ல வண்டியைத் திருப்பித் தருவாங்க?" அவன் விழித்தான். அடுத்த நாளே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

என் சான்ட்ரோவைப் பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டு 2019-ல் விற்றேன். வாங்கியவர் அடையாற்றில் கீரை வியாபாரி. பின் சீட்டைக் கழற்றிவிட்டார். இந்திரா நகர்ப் பக்கம் சரக்கு இறக்கப் போகும்போது சில நாள் பார்ப்பேன். கூரை வரைக்கும் முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் அடைத்துக்கொண்டு நிற்கும். உயரமான வண்டி, நிறையப் பிடிக்கிறது என்கிறார்.